உறையின் மேல் ஒரு கை

நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நடந்த வீடு திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிறது. யாருக்கு நடந்ததோ அவள் உயிரோடு இருக்கிறாள். அவள் மகள் இதைச் சொல்லும்போது இப்போதும் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்கிறாள். எனக்கு அது போதும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில், தார் ரோடு இளகுகிற சித்திரை வெயிலில், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

கமர்ஜஹான் அப்போது இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பொண்டாட்டி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அவள் புருஷன் முகமது பாரூக் தோல் வேலைக்காரர். பெல்ட், பை, கேமரா உறை, போலீஸ்காரர்களுக்கு இடுப்புப் பட்டை என்று எது கேட்டாலும் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து செய்து கொடுப்பார். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே கமர்ஜஹானும் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள்தான். தோலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். பின்னால் அதுவேதான் அவளை ஏமாற்றியது.

பாரூக் போய்ச் சேர்ந்தது மதுரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். நெஞ்சுவலி. பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "எங்கிட்டும் போகாத. கையப் புடிச்சுக்க" என்றார். "லுஹர் தொழுதுட்டு ஓடியாந்துர்றேங்க" என்று சொல்லிவிட்டு அவள் மத்தியானத் தொழுகைக்குக் கீழே இறங்கினாள். அவருக்காக துஆ கேட்கத்தான் போனாள், ஊர் சுற்றப் போகவில்லை. தொழுதுவிட்டு மாடி ஏறி வந்தால் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆண்கள் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றிப் பெண்களுக்குக் காட்டியபோது முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கை துணிக்குள் போயிருந்தது.

அந்தக் கையை ஒரே ஒரு தடவை பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. வருகிறவர்கள் எல்லாரும் "அல்லா நாட்டம், மனசத் தேத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவள் தலையை ஆட்டினாளே தவிர, கூப்பிட்டும் நிற்காமல் போனேனே என்கிற எண்ணம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மகள் ஹுஸ்னாவிடம் மட்டும் ஒரு நாள் சொல்லி அழுதாள். காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண் அது. அதுவும் சேர்ந்து அழுதது.

இந்த நேரத்தில்தான் ராயப்பராஜ் சார் வந்தார். வடமதுரைப் பக்கத்துக்காரர், சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டையரானவர். பாரூக்கிடம் அவர் ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒரு பழைய பட்டாளத்துக் கைத்துப்பாக்கி. அதற்கு அந்தக் காலத்து மாதிரியே ஒரு தோல் உறை வேண்டும். அவருடைய மாதா கோயிலின் நூற்றாண்டு விழாவில் பழம்பொருள் கண்காட்சி வைக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் உறையோடு வைத்தால்தான் பார்வையாக இருக்கும் என்பது அவர் ஆசை. பாரூக் போன செய்தி தெரிந்து, துக்கம் விசாரித்துவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிப் போகலாம் என்று வந்திருந்தார்.

கமர்ஜஹான் திரைக்குப் பின்னால் இருந்தே பேசினாள். "விட்டுட்டுப் போங்க சார். அவுக கைநீட்டி வாங்குன வேலை. நான் முடிச்சுத் தாரேன்."

அது வெப்லி ரிவால்வர். உடம்பில் 1917 என்று பொறித்திருந்தது. குழாயை அடைத்து, சுத்தியலின் ஊசி முனையை அராவி, இனிமேல் சுடாது என்று போலீஸில் எழுதிக் கொடுத்த பிறகு அது வெறும் இரும்பு. ஆனாலும் கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனத்தது. பிடியின் அடியில் கயிறு கோர்க்க ஒரு வளையம், சண்டையில் கை நழுவினாலும் கீழே விழாமல் கழுத்திலிருந்து தொங்கும். நடுவில் மடக்கினால் தோட்டா போடுகிற ஆறு ஓட்டையும் வெளியே தெரியும். ஹுஸ்னா அதைத் தொட மாட்டேன் என்றாள். கமர்ஜஹானுக்கு அதைப் பார்த்துப் பயம் எதுவும் வரவில்லை. புருஷன் கடைசியாகத் தொட்ட வேலை என்பதால் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

உறை செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மரப்பட்டை போட்டுப் பதமாக்கிய கெட்டித் தோலை வெட்டி, தைத்து, மேல்மூடிக்குப் பித்தளைப் பட்டன் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட வேண்டும். பிறகு துப்பாக்கியைப் பாலிதீனில் சுற்றி உள்ளே விட்டு, விரலாலும் மரக்கட்டையாலும் அழுத்தி அழுத்தி அதன் உருவத்தைத் தோலில் ஏற்ற வேண்டும். மூடியைத் திறந்து வைத்து நிழலில் காயவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அந்த உருவம் மாறாது. ஈரத்தில் நகம் பட்டால்கூட அந்தக் கோடு நின்றுவிடும் என்று பாரூக் நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார்.

அன்றைக்கு எல்லாம் முறைப்படி செய்து, மூடியைத் திறந்து பாரூக்கின் வேலைப் பலகையில் வைத்தாள். லுஹர் பாங்கு சொன்னார்கள். முன்னறைக்குப் போய்த் தொழ நின்றாள். தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கும்போது பின்கட்டில் ஒரு சத்தம்.

டக்.

பட்டன் பூட்டுகிற சத்தம். காதுக்குப் பழகிய சத்தம் என்பதால் முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் பின்கட்டில் ஆள் இல்லை என்று உறைத்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். திறந்து வைத்த மூடி மூடியிருந்தது. மூடியின் மேல்... ஒரு கை.

கை இல்லை. கை இருந்த இடம். உள்ளங்கையும் ஐந்து விரலும் ஈரத் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தன.

"ஏ ஹுஸ்னா, இதுல கைய வெச்சியாடீ?"

"நானா? நான் மாடில துணி காயப்போட்டுட்டு இருக்கேன்மா. நான் எதுக்கு அத்தா பலகை கிட்ட வரப்போறேன்?"

ஹுஸ்னா இறங்கி வந்து பார்த்தாள். பின்வாசல் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. பூனை மிதித்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், ஐந்து விரலுள்ள பூனை எங்கே இருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அந்தத் தோலை வீசிவிட்டுப் புதுத்தோல் வெட்டினார்கள். மறுநாள் தைத்து, ஊறவைத்து, உருவம் ஏற்றி, இரண்டு கதவையும் பூட்டிவிட்டு இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள்.

லுஹர் நேரம் வந்தது.

டக்.

திறந்து பார்த்தால் அதே மூடி, அதே கை. நேற்றைவிட ஆழமாக.

ஹுஸ்னா கத்திவிட்டாள். இதை இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றாள். ஆனால் கமர்ஜஹான் பலகை முன்னால் மெதுவாக உட்கார்ந்தாள். அவர் பலகை. அவர் வாங்கிய வேலை. அவர் "கையப் புடிச்சுக்க" என்று சொன்ன அதே லுஹர் நேரம். அவள் முகம் மாறுவதைப் பார்த்து ஹுஸ்னாவுக்குத் துப்பாக்கியைவிட அம்மாவைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

"ஒங்க அத்தாடீ" என்றாள் கமர்ஜஹான். "நான் போயிட்டேன்ல. அவுக வந்துட்டாக."

அந்தப் பள்ளத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். விரலோடு விரல் சேர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். அன்று ராத்திரி இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அம்மா, அத்தா கை இம்புட்டுச் சின்னதா?" என்று ஹுஸ்னா மெல்லக் கேட்டாள்.

"தோலு காஞ்சா சுருங்கும்டீ. தோல்காரன் மகளுக்கு இது தெரியாதா?"

"சுண்டுவிரல் உள்ளாற வளஞ்சிருக்கே?"

"வயித்துப் பக்கத்துத் தோலு. காயும்போது இழுக்கும்."

காய்ந்தால் தோல் சுருங்கும், உண்மைதான். வயிற்றுத் தோல் இழுக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் பாரூக்கின் கை முறம் மாதிரி இருக்கும். அது எந்தத் தோலிலும் அந்த அளவுக்குச் சுருங்காது. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கமர்ஜஹானே சிரித்திருப்பாள். மனசு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் படித்த வித்தையெல்லாம் அதற்கே வக்கீலாக வந்து நிற்கிறது, என்ன செய்ய.

அதன் பிறகு வேலை முடியவே இல்லை. சார் போன் செய்தால் "தோலு சரியில்ல சார், மாத்திச் செய்யிறோம்" என்று ஹுஸ்னாவை விட்டுச் சொல்ல வைத்தாள். தினமும் ஒரு தோலை ஊறப் போட்டாள். தினமும் மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டது. தினமும் ஒரு கை வந்தது. காய்ந்த உறைகளை அலமாரியில் அவர் சட்டைகளுக்கு நடுவில் அடுக்கிவைத்தாள். ராத்திரியில் ஒன்றை எடுத்து அதில் கையை வைத்துக்கொண்டு தூங்கினாள். துப்பாக்கி போய்விட்டால் அவரும் போய்விடுவார் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

ஹுஸ்னாவால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அம்மா தொழ நின்றதும் பின்கட்டுக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

பலகையில் உறை. மூடி திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. ஜன்னல் வழியாக வெயில் நேராக விழுந்தது.

மிக்சி நின்றது.

மூடி அசைந்தது... காற்று இல்லை. மின்விசிறி ஓடவில்லை.

மெதுவாக... தானாக... மூடியது.

டக்.

பிறகு தோல் உள்ளே அமுங்கியது. முதலில் உள்ளங்கை. பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. அமுங்கிய இடத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து பலகையில் ஓடியது.

அங்கே கை இல்லை.

பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது. யாரோ முழு பலத்தையும் கொடுத்து அழுத்துகிற மாதிரி. பலகை கிறீச்சென்றது.

ஹுஸ்னா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தாள். அந்த இரண்டு நாளும் மகளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே கமர்ஜஹான் ஒரு முடிவுக்கு வந்தாள். பதிந்த பிறகு பிடித்து என்ன பிரயோஜனம்? பதிகிற நேரத்திலேயே பிடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் லுஹரைக் கொஞ்சம் தள்ளிப்போட்டாள். பலகை முன்னால் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, திறந்த மூடியின் மேல் வலது கையை வைத்தாள்.

"வந்துருக்கேங்க" என்றாள்.

ஒன்றும் இல்லை.

பிறகு... கைக்கு அடியில் மூடி நகர்ந்தது.

டக்.

அவள் கைமேல் ஒன்று வந்து படிந்தது. குளிர்ச்சி. கிணற்றுத் தண்ணீரில் வைத்து எடுத்த மாதிரி. விரல் மேல் விரல்.

"என்னய மன்னிச்சிட்டீகளா?"

அழுத்தியது.

"கோவமில்லையே?"

இன்னும் அழுத்தியது. அடியிலிருந்து மூடியும் மேலே முட்டியது. எலும்பு வலித்தது. அவள் கையை இழுக்கவில்லை. வலிக்க வலிக்க அழுதாள். அந்தக் கை விலகின பிறகுதான் எழுந்தாள். அன்றைக்கு ஹுஸ்னாவிடம், "சாருக்குப் போன் போடு. வேலை முடிஞ்சுருச்சுன்னு சொல்லு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. கேட்டது கிடைத்துவிட்டது, இனிமேல் யார் எதைக் கொண்டுபோனால் என்ன என்கிற தெளிவு.

ராயப்பராஜ் சார் வந்தார். கமர்ஜஹான் திரைக்குப் பின்னால் நின்றாள். ஹுஸ்னா உறையையும் துப்பாக்கியையும் ஒரு துண்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கை பதியாத உறை ஒன்றுகூட இல்லை. இருப்பதிலேயே லேசாகப் பதிந்த ஒன்றைத்தான் கொடுத்தார்கள்.

சார் மூடியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாப்பா... இத ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"எத சார்?"

"இது எங்க பெரியம்மா கை. அல்போன்சா பெரியம்மா."

சார் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். துப்பாக்கி அவருடைய பெரியப்பா இஞ்ஞாசியுடையது. பர்மாச் சண்டைக்குப் போய்விட்டு முழு உடம்போடு திரும்பி வந்தவர், மனசு மட்டும் வரவில்லை.

"மத்தியான வெயில் ஏறிட்டாப் போதும்மா, அவருக்குச் சண்டை வந்துரும். யாரோ வாராங்கன்னு துப்பாக்கிய எடுக்கப் போவாரு. ஒரு நாளு எதிரியச் சுடணும்பாரு, ஒரு நாளு தன்னையே... பெரியம்மா பக்கத்துல உக்காந்து உறை மூடிமேல கைய வெச்சு அமுக்கிக்கிரும். அவரு புடுங்குவாரு, அடிப்பாரு. அது விடாது. நானே சின்னப் புள்ளையில பாத்துருக்கேன். அப்பிடித்தான் ஒரு தடவை அந்தச் சுண்டுவிரல் ஒடிஞ்சு வளஞ்சு போச்சு. வருஷக்கணக்கா அமுக்கி அமுக்கி அந்தப் பழைய உறையில அது கை அப்பிடியே பதிஞ்சிருந்துச்சு. இந்தா... இதே மாதிரி."

"அந்த உறை எங்க சார்?" என்றாள் ஹுஸ்னா.

"காய்ச்சல்ல பெரியம்மா செத்துப்போச்சு. அதோட சேத்துப் பெட்டியில வெச்சுப் புதைச்சுட்டாங்க. வெச்சதே பெரியப்பாதான்." சார் உறையின் பட்டனைத் தடவினார். "மறுநாள் மத்தியானம் அமுக்குறதுக்கு ஆளில்ல. அன்னிக்கே அவரும் போயிட்டாரு."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார். நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அது ஆம்பள கை இல்லையா?"

அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார், நல்ல மனுஷன்.

"இல்லம்மா. பொம்பள கை. ரொம்பச் சின்னக் கை."

சார் போன பிறகு ஹுஸ்னாவுக்கு ஒன்று தோன்றியது. அதைத்தான் என்னிடமும் கேட்டாள். அந்தப் பெண் இன்னும் அந்த மூடியை அழுத்திக்கொண்டிருக்கிறாள் என்றால்... அதைத் திறக்கப் பார்க்கிறவரும் இன்னும் அங்கேதானே இருக்க வேண்டும்? கமர்ஜஹான் கையை வைத்திருந்தபோது மேலே அழுத்தியது ஒருத்தி. அடியிலிருந்து முட்டியது யார்? உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்ல வேண்டாம்.

கமர்ஜஹான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவில் இருந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று அந்தக் கை சொல்லவில்லை. அவளை யாரென்றே அதற்குத் தெரியாது. அது யாரோ ஒருத்தி தன் புருஷனைக் காப்பாற்றிக்கொள்ள அழுத்திய அழுத்து. அந்தப் பெண் கடைசி வரைக்கும் கையை எடுக்காமல் இருந்திருக்கிறாள். அதை நினைத்ததும் கமர்ஜஹான் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து பெரிய தோலைப் பிரித்தாள். முதுகுப் பக்கத்துத் தோல், பாரூக் எதற்கோ எடுத்துவைத்திருந்த நல்ல பாகம். ஓர் ஆள் கை தாராளமாக விழுகிற அளவுக்கு வெட்டினாள். ஊறவைத்தாள். துப்பாக்கி இல்லை, தையல் இல்லை, மூடி இல்லை. வெறும் ஈரத்தோலை அவர் பலகையின் மேல் விரித்து, விரலால் நீவிச் சமமாக்கினாள்.

"நீ கிட்டப் போயிராதடீ" என்று ஹுஸ்னாவிடம் சொல்லிவிட்டுத் தொழப் போனாள்.

ஹுஸ்னா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அத்தாவின் கைவாகு. ஒரு நிமிஷம் போய் அழுத்தி வைத்துவிட்டு வந்தால் என்ன என்று நினைத்தாள். எழுந்தும் விட்டாள். ஆனால் அவள் கையும் சின்னதுதான். அம்மா இனி சுருங்கிவிட்டது என்று சொல்ல மாட்டாள். மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

தொழுகை முடிந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.

கமர்ஜஹான் வந்து பலகை முன்னால் உட்கார்ந்தாள். வெயில் சுவரில் ஏறி, சாய்ந்து, முற்றத்துக்குப் போனது. தோலின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. சாயங்கால அசர் பாங்கு சொன்னார்கள். அவள் தோலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு நகக்கோடுகூட இல்லை.

அத்தனை நாளும் பயந்து நடுங்கிய ஹுஸ்னா அப்போது, யா அல்லா, ஒரு சத்தம் கேட்கட்டுமே, ஒரே ஒரு விரலாவது பதியட்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினாளாம்.

"எந்திரிம்மா" என்றாள்.

கமர்ஜஹான் தோலை மறுபடியும் பலகையில் வைத்தாள். "ஓரத்துல இன்னும் ஈரம் இருக்குடீ. செத்த நேரம் பாப்போம்."

ஹுஸ்னா தொட்டுப் பார்த்தாள். ஓரமும் காய்ந்து வெகு நேரமாகியிருந்தது.